பனிவெளி ஆந்தைகள்: படமெடுத்தலும் படத்திருத்தமும்

குளிர்காலத்தில் காட்டு ஆந்தைகளைப் படமெடுக்க ஒளிப்படக் கலைஞர்கள் தேடிப்போகும் இடங்களில் முக்கியமானது சாக்ஸ்-ஸிம் சதுப்புநிலம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், டுலூத் நகருக்கு வடமேற்கே, காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. கறுப்பு ஸ்புரூஸ் மரங்களும் டாமராக் மரங்களும் அடர்ந்த ஈரக்காடு, நடுநடுவே வைக்கோல் வயல்கள், குறுக்கும் நெடுக்குமாக மண்சாலைகள். ஜனவரியில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பெருஞ்சாம்பல் ஆந்தை அங்கே ஆண்டு முழுவதும் வாழ்கிறது; குளிர்காலத்தில் கனடாவிலிருந்து மேலும் சில வந்து சேர்கின்றன. பகலில் வேட்டையாடும் பருந்து ஆந்தையும், உருவில் சிறிய போரியல் ஆந்தையும் அதே காட்டில் தென்படும். டுலூத் துறைமுகத்தை ஒட்டிய வெட்டவெளிகளுக்கு ஆர்க்டிக் பகுதியிலிருந்து பனி ஆந்தை வருகிறது.

இவற்றில் இரண்டு இனங்கள் ஒளிப்படக் கலைக்கு நேரெதிரான இரு சிக்கல்களை வைக்கின்றன. பெருஞ்சாம்பல் ஆந்தை வெள்ளைப் பின்னணியில் இருக்கும் கருமையான உடல். பனி ஆந்தை வெள்ளைக்குள் இருக்கும் வெள்ளை. இரண்டையும் கையாளத் தெரிந்தவருக்கு மற்ற ஆந்தைகள் பெரிய சிரமம் தருவதில்லை.

ஆந்தைகள் ஏன் தெற்கே வருகின்றன

வடக்கத்திய ஆந்தைகளின் வருகை ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி இருப்பதில்லை. சில குளிர்காலங்களில் ஒன்றிரண்டு மட்டுமே தென்படும். சில ஆண்டுகளில் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும். 2004-05 குளிர்காலத்தில் மினசோட்டாவில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட பெருஞ்சாம்பல் ஆந்தைகள் கணக்கிடப்பட்டன. அந்த மாநிலத்தில் அதற்கு முன் அப்படியொரு வருகை பதிவானதில்லை. வடக்குக் காடுகளில் வோல் எனப்படும் குட்டைவால் எலிகளின் எண்ணிக்கை சரிந்துபோனால், அவற்றையே நம்பியிருக்கும் பெருஞ்சாம்பல் ஆந்தைகள் இரை தேடித் தெற்கே நகர்கின்றன. அந்தக் குளிர்காலத்தில் வந்தவை, சாலையோரப் புல்வெளிகளில் எலிகள் இருந்ததால் அங்கேயே தங்கி வேட்டையாடின. அதனால் வாகனங்களில் அடிபட்டு இறந்தவையும் பல.

பனி ஆந்தையின் கதை வேறு. 2013-14 குளிர்காலத்தில் கிழக்கு வட அமெரிக்கா முழுவதும் பனி ஆந்தைகள் பரவின. ஒன்று ஃபுளோரிடா கடற்கரை வரைக்கும், ஒன்று அட்லாண்டிக் கடலில் உள்ள பெர்முடா தீவு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பட்டினிதான் அவற்றை விரட்டியது என்று பலரும் எண்ணினார்கள். உண்மையில் அதற்கு முந்தைய கோடையில் வட கியூபெக்கில் லெம்மிங் என்ற எலியினம் ஏராளமாகப் பெருகியிருந்தது. இரை மிகுந்ததால் குஞ்சுகளும் மிகுந்தன. அந்த இளம் பறவைகளே தெற்கே வழிந்தன. அந்தக் குளிர்காலத்தில் தொடங்கப்பட்ட ‘பிராஜெக்ட் ஸ்னோஸ்டார்ம்’ என்ற ஆய்வுத்திட்டம் சில ஆந்தைகளைப் பிடித்து, சூரிய ஒளியில் இயங்கும் சிறு தடங்காட்டிக் கருவிகளைப் பொருத்தியது. பிடிபட்ட பறவைகளில் பெரும்பாலானவை நல்ல உடல்நிலையில் இருந்தன.

ஆனாலும் கொழுத்த ஆந்தைக்கும் குளிர்காலத்தில் வரவு செலவு உண்டு. வளர்ந்த பனி ஆந்தை ஒன்று நாளுக்கு மூன்று முதல் ஐந்து லெம்மிங்குகள் வரை தின்னும். தென் நிலங்களில் அதற்கு ஈடாக எலி, வாத்து என்று கிடைத்ததைப் பிடிக்க வேண்டும். பகலில் அசையாமல் உட்கார்ந்திருப்பது சோம்பலால் அல்ல. இருப்பில் உள்ள சூட்டை அது சேமிக்கிறது. யாரோ நெருங்கியதால் ஒரு ஆந்தை எழுந்து பறந்தால் அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு பகுதி கரைகிறது. அதே நாளில் ஒருவர்பின் ஒருவராகப் பத்துப் பேர் நெருங்கினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை.

பனிக்கடியில் கேட்கும் காது

பெருஞ்சாம்பல் ஆந்தை பார்வைக்கு மிகப் பெரியது. சிறகுகளை விரித்தால் ஒன்றரை மீட்டர் அகலத்தைத் தொடும். ஆனால் எடை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரைதான். அந்த உருவத்தின் பெரும்பகுதி வெறும் இறகு. வட்டமான முகத்தட்டில் சாம்பலும் வெள்ளையுமாக அடுக்கடுக்காக வளையங்கள். காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக் கேட்பவர் செய்வதையே இந்த முகத்தட்டும் செய்கிறது: ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்புகிறது. இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. ஒரே ஒலி இரு காதுகளையும் அடைவதில் உள்ள நுண்ணிய நேர வேறுபாட்டிலிருந்தும் அளவு வேறுபாட்டிலிருந்தும், ஒலி இடமா வலமா, மேலா கீழா என்பதை ஆந்தை கணித்துவிடுகிறது.

அரை மீட்டர் ஆழப் பனிக்கு அடியில் சுரங்கம் தோண்டி ஓடும் எலியை இந்தக் காதுகள் கண்டுபிடிக்கின்றன. அது எப்படி முடிகிறது என்பதைக் கனடாவின் மனிடோபா மாகாணத்தில் நடந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாக்கியது. ஆந்தைகள் பாய்ந்திருந்த பனிக்குழிகளுக்கு அருகிலேயே ஆய்வாளர்கள் பனிக்கடியில் ஒலிபெருக்கியைப் புதைத்து, ஒலி எங்கிருந்து வருகிறது என்று காட்டும் கருவியால் மேலிருந்து அளந்தார்கள். கீச்சொலி போன்ற உயர் அதிர்வெண் ஒலிகளைப் பனி விழுங்கிவிடுகிறது. தாழ்ந்த ஒலிகளே மேலே வருகின்றன. வரும் ஒலியும் பனியிலிருந்து காற்றுக்குள் நுழையும்போது வளைகிறது. தண்ணீருக்குள் கிடக்கும் பொருள் இடம் மாறித் தெரிவது போன்ற விளைவுதான் இது. இங்கே ஏமாறுவது காது. பக்கவாட்டிலிருந்து கேட்டால் எலி இருக்கும் இடம் தவறாகப் படும். நேர் மேலே வந்து கேட்டால் வளைவே இல்லை, பனியின் தடுப்பும் மிகக் குறைவு.

ஆந்தை பாய்வதற்கு முன் இரைக்கு நேர் மேலே வந்து, ஒரே இடத்தில் சிறகடித்தபடி மிதப்பதற்குக் காரணம் இதுவே. ஒளிப்படக் கலைஞருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறு இல்லை. கம்பத்தின் உச்சியில் இருக்கும் ஆந்தை தலையைத் தாழ்த்தி, தரையில் ஒரு புள்ளியையே நோக்கி, முகத்தைச் சற்று இப்படியும் அப்படியும் திருப்பத் தொடங்கினால் அது எதையோ கேட்டுவிட்டது. பிறகு தாழ்வாகச் சறுக்கி வரும். புள்ளிக்கு மேலே ஓரிரு கணங்கள் மிதக்கும். முகம் தரையைப் பார்த்தபடியே இறங்கி, கடைசி நொடியில் கால்களை முன்னே நீட்டிப் பனிக்குள் விழும். மிதக்கும் அந்தக் கணங்களில் முகத்தட்டு, விரிந்த சிறகு, விரிந்த வால் எல்லாம் ஒரே சட்டகத்தில் அகப்படும். பாய்ந்த பின் பனித்தூள் எழும்பி எல்லாவற்றையும் மறைத்துவிடும். எங்கே பாயும் என்று தெரிந்து முன்கூட்டியே குவியத்தை அங்கே வைத்திருப்பவருக்கே படம் கிடைக்கும்.

கேட்பதையே தொழிலாகக் கொண்ட பறவைக்கு அருகில் காரின் எஞ்சினை ஓடவிடுவது அதன் உணவைத் தட்டிப் பறிப்பதற்குச் சமம். எஞ்சினின் உறுமலும் தாழ்ந்த அதிர்வெண் ஒலிதான். எலியின் ஒலி அதற்குள் மூழ்கிப்போகும். பூட்ஸ் காலால் உறைபனியை நெரித்து நடப்பதும் அப்படியே. ஆந்தைக்கோ தன் சத்தமே தனக்கு இடையூறு ஆகாதபடி இறகுகள் அமைந்திருக்கின்றன. சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு, மேற்பரப்பில் வெல்வெட் போன்ற மென்மயிர், பின்விளிம்பில் பிசிறான ஓரம். மூன்றும் சேர்ந்து காற்றின் இரைச்சலைக் குறைக்கின்றன.

எவ்வளவு தூரம்

ஆந்தையின் கண் குழாய் வடிவில் எலும்பு வளையத்துக்குள் இறுகப் பொருந்தியிருக்கிறது. அதைக் குழிக்குள் உருட்ட முடியாது. எதைப் பார்க்க வேண்டுமானாலும் தலையையே திருப்ப வேண்டும். கழுத்தில் 14 முள்ளெலும்புகள் இருப்பதால் ஒரு பக்கமாக 270 டிகிரி வரை திருப்ப முடிகிறது. இதில் பார்ப்பவருக்கு ஒரு வசதி உண்டு: ஆந்தையின் முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே அதன் கவனம். பகலில் ஓய்வெடுக்கும் பனி ஆந்தையின் கண்கள் கீற்றுப்போல் மூடியிருக்கும். அந்தக் கண்கள் அகலத் திறந்து நேராக ஒளிப்படக் கலைஞரையே நோக்கினால் அவர் வரக்கூடாத தூரத்துக்கு வந்துவிட்டார் என்று பொருள். உடலை ஒடுக்கி நிமிர்த்துவது, முன்னுக்குச் சாய்வது, எச்சமிடுவது, இவையெல்லாம் பறக்கப் போவதற்கான அறிகுறிகள். கண் அகன்ற உடனேயே நின்று, மெதுவாகப் பின்வாங்குவதுதான் முறை.

மஞ்சள் கண்கள் முழுதாகத் திறந்து காமெராவை முறைக்கும் படங்களே ரசிகர்களிடம் அதிகப் பாராட்டு பெறுகின்றன. அந்தப் பார்வையில் இருப்பது பெரும்பாலும் கலக்கம். காமெராவைக் கண்டுகொள்ளாமல் தன் வேலையில் மூழ்கியிருக்கும் ஆந்தையின் படமே உண்மையில் மேலானது. 2016 ஜனவரி தொடக்கத்தில் மான்ட்ரியல் நகரின் நெடுஞ்சாலை ஒன்றில் பொருத்தியிருந்த போக்குவரத்துக் கண்காணிப்புக் காமெரா, சிறகு விரித்துப் பறந்துவரும் பனி ஆந்தையைப் பதிவு செய்தது. கியூபெக் அரசு வெளியிட்ட அந்தப் படம் உலகமெங்கும் பரவியது. துல்லியத்தில் அது சாதாரணப் படம்தான். ஆனால் அதற்காக எந்த ஆந்தையையும் யாரும் துரத்தவில்லை.

கார் நல்ல மறைவிடம். வண்டிகளைப் பார்த்துப் பழகிய ஆந்தை, அதிலிருந்து இறங்கும் மனிதரைக் கண்டு மிரளும். வண்டிக்கு அவ்வளவு மிரளாது. சாலையோரம் பாதுகாப்பாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஜன்னலில் லென்ஸைத் தாங்கவைத்துக் காத்திருப்பது நடந்து நெருங்குவதைவிட எல்லா வகையிலும் நல்லது. குளிர்காலத்தில் பெரும்பாலான ஆந்தைகள் கூட்டை விட்டு விலகியிருப்பதும் ஒரு வகையில் நன்மை. கூட்டருகே ஆந்தை எவ்வளவு மூர்க்கமாகும் என்பதற்குப் பிரிட்டனின் புகழ்பெற்ற பறவை ஒளிப்படக் கலைஞர் எரிக் ஹாஸ்கிங் சாட்சி. 1937-இல் வேல்ஸில் பழுப்பு ஆந்தை ஒன்றின் நகம் பட்டு அவர் இடது கண்ணை இழந்தார்.

இரை வைத்து இழுப்பது இந்தத் துறையின் மிக மோசமான வழக்கம். கடையில் வாங்கிய வெள்ளெலியைப் பனிமேல் விட்டு, ஆந்தை நேராகக் காமெராவை நோக்கிப் பாயும்படி செய்வார்கள். சில நாட்களில் அந்த ஆந்தை மனிதரையும் சாலையையும் உணவோடு சேர்த்துப் பழகிவிடும். சாலை என்பது அதற்குச் சாவு. பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் தன் ஒளிப்பட நெறிமுறைகளில் ஆந்தைக்கு இரை வைப்பதை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் அதே வகை. இல்லாத போட்டியாளருக்காகப் பறவை தன் சக்தியைச் செலவழிக்கிறது.

கூட்டமும் ஒரு தொல்லைதான். 2021 ஜனவரி இறுதியில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பனி ஆந்தை வந்து இறங்கியது. 1890-க்குப் பிறகு அந்தப் பூங்காவில் அதுவே முதல் பதிவு. செய்தி சில நிமிடங்களில் இணையத்தில் பரவ, ஏராளமான கண்களும் லென்ஸ்களும் அந்த ஒற்றைப் பறவையை மொய்த்தன. அன்று வேலிக்கு வெளியே நின்றுதான் மக்கள் பார்த்தார்கள் என்பது ஆறுதல். வேலி இல்லாத வயல்வெளியில் அந்தக் கட்டுப்பாட்டை மக்களே தமக்கு விதித்துக்கொள்ள வேண்டும்.

பனியின் ஒளி

சாக்ஸ்-ஸிம் ஏறக்குறைய 47 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூட அங்கே சூரியன் தொடுவானத்திலிருந்து 20 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. அதே நாளில் சென்னையில் 53 டிகிரிக்கு மேல் நிற்கும். பகல் எட்டரை மணி நேரம்தான். நாள் முழுவதும் ஒளி சாய்ந்தே விழுவதால் உச்சிவெயிலின் கடுமையான நிழல்கள் கிடையாது. போதாததற்குப் பனியே ஒரு மாபெரும் ஒளித்திருப்பி. புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மற்ற நிலங்களில் இருண்டு கிடக்கும் சிறகின் அடிப்பக்கம் பனிவெளியில் மென்மையாக ஒளிர்கிறது. ஆந்தையின் கண்ணுக்குள்ளும் கீழ்ப்பாதியில் பனியின் வெண்மை பிரதிபலிக்கும்.

அதே பனி காமெராவின் ஒளிமானியைக் குழப்புகிறது. தான் காணும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று, அதாவது 18 சதவீத ஒளியைத் திருப்புவது என்று எண்ணிக்கொள்ளும்படியே ஒளிமானி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பனி அதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளியைத் திருப்புகிறது. காமெரா ஒளியைக் குறைத்துவிட, பனி அழுக்குச் சாம்பலாகப் பதிவாகும். பெருஞ்சாம்பல் ஆந்தையோ கரிய உருவமாகிவிடும். இதைச் சரிசெய்ய எக்ஸ்போஷரை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்காகும்). எவ்வளவு கூட்டுவது என்பதை, படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் சொல்லும்: வரைபடத்தின் குன்று வலது ஓரத்தை நெருங்க வேண்டும், ஓரத்தில் மோதி நிற்கக் கூடாது. பனி ஆந்தையாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. வெயில் படும் மார்பு இறகில் விவரம் ஒருமுறை எரிந்துபோனால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

தானியங்கி முறையைவிட மேனுவல் முறையே இங்கு நம்பகமானது. ஆந்தை கரும்பச்சை ஸ்புரூஸ் மரத்திலிருந்து கிளம்பி வெள்ளை வயலைக் கடந்து நீல வானத்தின் முன்னால் பறக்கும். மூன்று பின்னணிக்கும் தானியங்கி மூன்று விதமாக அளக்கும். ஆனால் ஆந்தைமேல் விழும் வெயில் மாறவே இல்லை. ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் மேகம் மறைக்கும் வரை அந்த அமைப்பு பொருந்தும்.

ஷட்டர் வேகத்தில் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நொடியில் 250-இல் ஒரு பங்கு போதும். பறக்கும்போது 1,600 முதல் 2,500-இல் ஒரு பங்கு வேண்டும். பனி பெய்யும்போது ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்தால் பனித்துளிகள் புள்ளிகளாக நிற்கும். 60-இல் ஒரு பங்கு வைத்தால் கோடுகளாக இழுபடும். பெய்யும் பனியில் ஆட்டோஃபோகஸ் முன்னால் விழும் துளிகளைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துக் குவியும் காமெராக்கள் 2020-க்குப் பிறகு பரவலாகிவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது; கடும் பனிப்பொழிவில் முழுதாகத் தீரவில்லை.

குவிய ஆழம் பற்றி ஒரு கணக்கு. 600 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப்/4 அப்பர்ச்சர், முழுச்சட்டக காமெரா. 30 மீட்டர் தூரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். ஓர் ஆந்தையின் உடல் முழுவதும் அதற்குள் அடங்கும். தூரத்தை 15 மீட்டராகக் குறைத்தால் ஆழம் 15 சென்டிமீட்டராகச் சுருங்கும். முகம் தெளிவாக இருக்கையில் வால் மங்கிப்போகும். விலகி நிற்பது ஆந்தைக்கு நல்லது என்பதோடு, படத்துக்கும் அதில் ஆதாயம் உண்டு. சுற்றியுள்ள மரமும் வயலும் படத்துக்குள் வரும்போது அந்தப் பறவை எப்படிப்பட்ட இடத்தில் குளிர்காலத்தைக் கழிக்கிறது என்பதும் தெரியவரும்.

குளிர் கருவிகளையும் படுத்தும். லித்தியம் பேட்டரி மைனஸ் 20 டிகிரியில் தன் கொள்ளளவில் பாதியை இழந்துவிடக் கூடும். உபரி பேட்டரிகளைச் சட்டையின் உள்பையில் உடல்சூட்டில் வைத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் காமெராவை உடனே பையிலிருந்து எடுத்தால் ஈரம் கண்ணாடிமேலும் உள்ளேயும் படியும். பையை மூடியபடியே ஓரிரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். படங்களைப் பார்க்க அவசரம் என்றால் மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிக்கொள்ளலாம்.

பலருக்கும் பிடிபடாத இன்னொரு கோளாறு உண்டு. விலையுயர்ந்த லென்ஸ், சரியான குவியம், வேகமான ஷட்டர், எல்லாம் இருந்தும் படம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் குழம்பியிருக்கும். காரணம் காருக்குள் ஓடும் ஹீட்டர். உள்ளேயிருக்கும் சூடான காற்று ஜன்னல் வழியே வெளியேறி மைனஸ் 20 டிகிரிக் காற்றோடு கலக்கும்போது ஒளி கண்டபடி வளைகிறது. ஹீட்டரை அணைத்து, ஜன்னல்களை முன்னதாகவே திறந்து, உள்ளும் புறமும் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகே படமெடுக்க வேண்டும். வெயில் ஏறிய பிற்பகலில் வெகுதூரத்துப் பறவையைப் பனிக்குமேல் தாழ்வாக எடுக்கும்போதும் இதே கலங்கல் வரலாம். திருத்தும்போது எவ்வளவு கூர்மையேற்றினாலும் இது சரியாகாது.

திருத்தம்: ஒரு படம் எடுத்துக்காட்டாக

வயல் நடுவே பனிமேட்டில் அமர்ந்திருக்கும் பெண் பனி ஆந்தையின் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிற்பகல் வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. வலப்பக்கத்தில் நீண்ட நிழல். படம், காமெரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகப் பதிவானது. 14 பிட் ரா கோப்பு ஒவ்வொரு புள்ளியிலும் 16,384 ஒளிப்படிகளைத் தாங்கும். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே. ரா கோப்பின் படிகளில் சரிபாதி, அதாவது 8,192 படிகள், மிகப் பிரகாசமான ஒற்றை ஸ்டாப்புக்குள் அடங்கியிருக்கின்றன. பனி ஆந்தையின் மார்பிறகும் பனியும் வாழ்வது அந்த உச்சிப் பகுதியில்தான். அதனால் இந்தப் பறவைக்கு ரா கோப்பு விருப்பத் தேர்வு அல்ல, கட்டாயம்.

முதல் வேலை ஒயிட் பேலன்ஸ். பனிமேல் கருவியை வைத்துச் சொடுக்கினால் மென்பொருள் அதை நடுநிலை வெள்ளையாக்கிவிடும். வெயில் படும் பனியில் சொடுக்கினால் சரி. நிழலில் சொடுக்கினால் படம் முழுவதும் மஞ்சளாகக் கெட்டுப்போகும். நிழலுக்கு நேர் வெயில் கிடையாது. வானத்தின் நீல ஒளியே அங்கு விழுகிறது. பனியின் நிழல் நீலமாகத் தெரிவது காமெராவின் பிழை என்று எண்ணி அதைத் துடைத்தெடுப்பவர்கள் உண்டு. அந்த நீலம் உண்மையானது; அதுவே குளிரைக் கண்ணுக்குக் காட்டுவது. கொஞ்சம் மட்டுப்படுத்தலாம், அழிக்கக் கூடாது.

அடுத்தது வெண்மையின் அளவு. பறவையின் மிக வெளுத்த இறகு 255 என்ற உச்சத்தைத் தொடாமல் 240 ஒட்டி நிற்கும்படி ஹைலைட்ஸை இறக்கினால், இறகின் நுண்கோடுகள் வெளிப்படும். இங்கே இறகின் வெண்மையும் பனியின் வெண்மையும் ஒன்றல்ல என்பது கண்ணுக்குப் புலப்படும். ஆந்தையின் வெள்ளையில் இலேசான பாலேட்டு நிறம் கலந்திருக்கும். பனியின் வெள்ளை அதைவிடக் குளிர்ந்தது. இந்தச் சிறு வேறுபாட்டைக் காப்பாற்றுவதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. மாறாகக் கான்ட்ராஸ்டை ஒட்டுமொத்தமாக ஏற்றினால் இரு வெள்ளைகளும் உச்சத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பனிமேட்டில் இரண்டு மஞ்சள் கண்களும் சில கரும்பட்டைகளும் மட்டும் மிதக்கும்.

கண்ணுக்கு வருவோம். மஞ்சள் என்பது திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. சாச்சுரேஷனை ஏற்றினால் இவ்விரண்டும் முட்டி நிற்க, கண்மணியைச் சுற்றியுள்ள வளையம் வண்ணம் தீட்டிய தட்டு போலாகும். கண்ணில் விழுந்திருக்கும் வெயிலின் ஒளிப்புள்ளியைப் பெரிதாக்குவதும், இல்லாத இடத்தில் சேர்ப்பதும் பார்த்தவுடன் தெரிந்துவிடும் பொய்கள். கூர்மையேற்றத்தை முகத்துக்கும் முன்னிறகுக்கும் மட்டும் முகமூடி போட்டுக் கொடுத்தால் போதும். பின்னணிப் பனிக்கும் கொடுத்தால் மணல்போல் பொரிபொரியாகும். பட்டைகளின் ஓரத்தில் வெள்ளைக்கோடு எழும்.

அந்திநேரப் படங்களில் பெரிய பிரச்சினை நாய்ஸ் எனப்படும் புள்ளிச்சிதறல். இது காமெராவின் குறையாக மட்டும் வருவதில்லை. ஒளியின் இயல்பிலேயே உள்ளது. ஒளி துகள்களாக வருகிறது; வரும் எண்ணிக்கை அதன் வர்க்கமூல அளவுக்கு ஏறியும் இறங்கியும் இருக்கும். ஒரு பிக்சலில் 10,000 துகள்கள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு 100. நூற்றில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. வெறும் 100 துகள்கள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு 10. பத்தில் ஒரு பங்கு, நன்றாகவே தெரியும். எடுக்கும்போதே எரியாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் கூட்டி எடுப்பது, இருட்டாக எடுத்துப் பின்னர் வெளிச்சமேற்றுவதைவிட ஏன் நல்லது என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

2023-இல் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் செயற்கை நுண்ணறிவால் நாய்ஸை நீக்கும் வசதி வந்தது. வேறு நிறுவனங்களின் மென்பொருள்களும் இதைச் செய்கின்றன. இவற்றால் அந்தியில் எடுத்த பெருஞ்சாம்பல் ஆந்தையின் படங்கள் பல பிழைத்திருக்கின்றன. ஆனால் அளவு மீறினால் இவை இல்லாத இறகு வரிகளை வரைந்துவிடுகின்றன. முகத்தட்டின் மெல்லிய வளையங்கள் சில இடங்களில் வழுக்கி மெழுகாகிவிடும். சில இடங்களில் அசலில் இல்லாத நெசவு தோன்றும். திருத்திய படத்தையும் அசலையும் முழு அளவில் அருகருகே வைத்து ஒப்பிடாமல் சேமிக்கக் கூடாது.

வெட்டுவதில் ஒரே ஒரு குறிப்பு: ஆந்தை நோக்கும் திசையில் வெளி மிச்சமிருக்கட்டும், இரையை நோக்கித் தாழ்ந்திருக்கும் முகமானால் கீழேயுள்ள பனியையும் விட்டுவைக்க வேண்டும். குறுக்கே வரும் சுள்ளியை அழிப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சொந்தச் சுவரில் மாட்டும் படத்துக்கு அது அவரவர் விருப்பம். செய்தியாகவோ ஆவணமாகவோ போட்டிக்கோ போகும் படத்தில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது என்பதே பொதுவிதி. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டி ரா கோப்பைக் கேட்டுச் சரிபார்க்கிறது. 2009-இல் முதல் பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அது பழக்கிய விலங்காக இருக்கலாம் என்ற முடிவின்பேரில் மறு ஆண்டே தகுதி நீக்கப்பட்டது. இரை வைத்து எடுத்த ஆந்தைப் படத்தையும், கூண்டு ஆந்தையை வெளியே பறக்கவிட்டு எடுத்த படத்தையும் ‘காட்டு ஆந்தை’ என்று வெளியிடுவது அதே வகைப் பொய்யே.

வெளியிடும் முன் கோப்பின் உள்விவரங்களைப் பார்க்க வேண்டும். பல காமெராக்களும் கைப்பேசிகளும் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடுகின்றன. ஆந்தை தங்கும் மரத்தின் முகவரி அதில் மீட்டர் கணக்கில் இருக்கும். அதை நீக்கிவிட்டு மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் தளமும் பாதிப்புக்கு ஆளாகக்கூடிய சில ஆந்தை இனங்களின் துல்லியமான இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் மறைக்கிறது. பனி ஆந்தை 2017 முதல் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது; அதன் உலக எண்ணிக்கை பழைய மதிப்பீடுகளைவிட மிகக் குறைவு, 30,000-க்கும் கீழே என்று கணித்திருக்கிறார்கள்.

இந்தப் படங்கள் ஆய்வுக்கும் பயன்படுகின்றன. வயது முதிர்ந்த ஆண் பனி ஆந்தை ஏறக்குறைய முழுவெள்ளை. பெண்ணுக்குக் கரும்பட்டைகள் உண்டு. முதல் குளிர்காலத்துப் பெண்ணுக்கு அவை மிக அடர்த்தி. ஹாரி பாட்டர் கதைகளில் வரும் ஹெட்விக் பெண் ஆந்தை; திரைப்படங்களில் அதன் வேடத்தில் நடித்தவை வெளுத்த ஆண் ஆந்தைகள். சிறகும் வாலும் விரிந்த படம் கிடைத்தால் பட்டைகளின் அடர்த்தியையும் இறகு உதிர்ந்து முளைத்த வரிசையையும் கொண்டு வயதையும் பாலையும் ஆய்வாளர்களால் கணிக்க முடிகிறது. படம் அழகாக இருக்கட்டும் என்று வெண்மையை ஏற்றிப் பட்டைகளை வெளிறச் செய்தால் ஓர் இளம் பெண் ஆந்தை முதிர்ந்த ஆணாக மாறித் தோன்றும். ஆய்வுக்கு அனுப்பும் படத்தில் எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் தவிர வேறெதையும் தொடாமல், எடுத்த தேதியும் பகுதியும் சேர்த்து, அசல் ரா கோப்பையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.